பதினாறே கால் கோடியும் ஐம்பது லட்சமும்

‘பதினாறே கால் கோடி சார்... பதினஞ்சு ரன்னு! ரன்னுக்கு ஒரு கோடிக்கு மேல ஆவுது!’

2023 மே மாதம், அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு டீக்கடை மாஸ்டர் பென் ஸ்டோக்ஸை இப்படிப் பைசல் பண்ணினார். கணக்கு சரிதான். ஐ.பி.எல்.லில் சென்னைக்கு ஸ்டோக்ஸ் ஆடியது 2 மேட்ச். 7 ரன், 8 ரன். போட்டது ஒரே ஓவர், அதில் 18 ரன். அடுத்த கிளாஸை ஆற்றிக்கொண்டே மாஸ்டர் தொடர்ந்தார்: ‘ஆனா ரஹானேவ அம்பது லட்சத்துக்குத் தூக்கினாங்க பாரு, அது மூள சார்!’

இரண்டு பேரையும் வாங்கியது ஒரே மேசை, ஒரே நாள். 2022 டிசம்பர் 23, கொச்சி. காலையில் முட்டாளாக இருந்தவர்கள் சாயங்காலத்துக்குள் மேதை ஆகிவிட முடியுமா?

எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. எஸ்டேட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் பல வருஷம் அப்ரன்டிஸ் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் இருந்தது. ஐ.டி.ஐ. முடித்த 60 பேர் வருவார்கள், இடம் 6. ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து அரம் போடச் சொல்வேன். வெர்னியரில் அளந்து காட்டச் சொல்வேன். அன்று ராத்திரியே ஒரு கோடு போட்ட நோட்டில் யாரை எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று இரண்டு வரி எழுதிவிடுவேன். பின்னால் ஒருத்தன் துபாய்க்குப் போய்விட்டால் முதலாளி, ‘உங்க செலக்‌ஷன் சரியில்லையே’ என்பார். இன்னொருத்தன் ஃபோர்மேன் ஆனால், ‘பிரமாதம்’ என்பார். நோட்டை எடுத்துக் காட்டினால் பார்க்கமாட்டார். கடைசியில் அந்த வேலையை ஒரு கன்சல்டன்ஸிக்குக் கொடுத்துவிட்டார்.

அதனால் ஏலக்காரர்களுக்கு மார்க் போடும்போது நான் அந்த ராத்திரி நோட்டைத்தான் கற்பனை செய்துகொள்வேன். ஸ்டோக்ஸ் பக்கத்தில் என்ன எழுதியிருப்பார்கள்? ஏலத்துக்கு நாற்பது நாள் முன்புதான் டி20 உலகக் கோப்பை ஃபைனலில் ஆட்டமிழக்காமல் 52 அடித்து இங்கிலாந்தை ஜெயிக்க வைத்தவர். முழங்கால் தகராறும் தெரிந்த விஷயம். ஆளுக்கு நல்ல மார்க், விலைக்குச் சுமார்.

ரஹானே? முந்தைய வருஷம் கொல்கத்தாவுக்கு 7 மேட்ச்சில் 133 ரன். அடிப்படை விலைக்கு மேல் யாரும் கேட்கவில்லை. 2023 ஏப்ரல் 8, வான்கடேயில் அவருக்கு இடம் கிடைத்ததே ஸ்டோக்ஸும் மொயின் அலியும் ஆட முடியாமல் போனதால்தான். இறங்கி 27 பந்தில் 61. சீசன் முடிவில் 326 ரன், ஜூனில் மறுபடி இந்தியாவின் டெஸ்ட் டீம். ரஹானேவுக்காக மேசைக்குச் சபாஷ் போடுவதென்றால் ஸ்டோக்ஸின் காலுக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும்.

என் கணக்கில் சென்னையின் உண்மையான சபாஷ் 2008-ல் இருக்கிறது. அன்று அணிக்கு ஆள் எடுத்தவர் வி.பி.சந்திரசேகர். நம்ம தமிழ்நாட்டு ஓபனர், 1988 இரானி கோப்பையில் 56 பந்தில் சதம் அடித்தவர். தேசியத் தேர்வாளராகவும் இருந்தவர். (2019 ஆகஸ்டில் காலமாகிவிட்டார். ஊர் அவரை இன்னும் கொஞ்சம் கொண்டாடியிருக்கலாம்.) தோனிக்கு 15 லட்சம் டாலர் கொடுத்தார்கள், அன்றைக்கு 6 கோடி ரூபாய். வாய் பிளந்தோம். ஆனால் விதியைப் பாருங்கள்: ஓர் அணி செலவழிக்கலாமென்றிருந்தது 50 லட்சம் டாலர். ‘ஐகான்’ வீரர் உள்ள அணி, தன் விலையுயர்ந்த ஆட்டக்காரரைவிட 15 சதவீதம் அதிகமாக அந்த ஐகானுக்குக் கொடுக்க வேண்டும். மும்பை தோனியை அந்த விலைக்கு எடுத்தால் சச்சினுக்கு 17.25 லட்சம். இரண்டு பேரிலேயே 32 லட்சத்துக்கு மேல் காலி. ஐகான் இல்லாத சென்னைக்கு அந்தத் தொல்லை கிடையாது. அந்த விலை சென்னைக்குக் கட்டுப்படியாகும்.

அதே நாளில் ஜேக்கப் ஓரமுக்கு 6.75 லட்சம் டாலர், ரெய்னாவுக்கு 6.5 லட்சம். ஓரம் ரெய்னாவைவிட ஒசத்தி! இதை இன்று யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்களா? தோனி மூடிவிட்டார்.

எடுத்தவர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். எடுக்காமல் விட்டவர்கள்? அமெரிக்க பாஸ்கெட்பாலில் இது சுலபம். அங்கே ஏலம் இல்லை, ‘டிராஃப்ட்’. கல்லூரிப் பையன்களை அணிகள் வரிசையாக ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். நமக்கு அடுத்து வந்தவன் யாரை எடுத்தான் என்பது காலத்துக்கும் பதிவாகிவிடும். 1984-ல் போர்ட்லாண்ட் இரண்டாவதாக சாம் போவியை எடுத்தது. மூன்றாவதாக சிகாகோ எடுத்த பையன் பெயர் மைக்கேல் ஜோர்டான். போர்ட்லாண்டின் மேனேஜர் ஸ்டூ இன்மனை ஜென்மத்துக்கும் திட்டினார்கள். முந்தைய வருஷம் 14-வது ஆளாக, மற்ற அணிகள் 13 தடவை தாண்டிப்போன கிளைட் ட்ரெக்ஸ்லரை எடுத்ததும் இதே இன்மன்தான். ஜோர்டான் ஆடுகிற இடத்தில் ட்ரெக்ஸ்லர் ஏற்கெனவே இருந்தார், உயரமான சென்டர்தான் தேவைப்பட்டார். நோட்டில் காரணம் இருந்தது. போவியின் கால் ஏற்கெனவே முறிந்து இரண்டு சீசன் போனதும் இருந்தது.

நம்ம ஊர் போவி கதை சாய் சுதர்சன். 2022-ல் குஜராத் அவரை எடுத்தது அடிப்படை விலை 20 லட்சத்துக்கு. மறு வருஷம் டி.என்.பி.எல். ஏலத்தில் கோவை கொடுத்ததே 21.6 லட்சம்! 2023 ஃபைனலில் சென்னைக்கு எதிராகவே 47 பந்தில் 96 அடித்தார். ஜடேஜா கடைசிப் பந்தில் பவுண்டரி அடித்ததால் அது மறந்துபோனது. 2025-ல் அவர் 759 ரன்னோடு ஆரஞ்சு கேப் வாங்கியபோது சென்னை முதல் தடவையாகக் கடைசி இடம். சேப்பாக்கத்துப் பையனைச் சேப்பாக்கத்து மேசை விட்டதை மற்ற ஊர் மேசைகளோடு ஒரே தராசில் போட என்னால் முடியவில்லை. மற்றவர்களுக்கு அவர் பட்டியலில் ஒரு பெயர். இவர்களுக்கு வாசலில் ஆடுகிற பையன்.

2025 டிசம்பர் 16, அபுதாபி ஏலம். கிழட்டு அணி என்று பெயர் வாங்கியவர்கள், இந்தியாவுக்கு இன்னும் ஆடாத இரண்டு பையன்களுக்குத் தலா 14.2 கோடி கொடுத்தார்கள். பிரசாந்த் வீர், வயது 20. கார்த்திக் சர்மா, 19. கையிலிருந்த 43.4 கோடியில் 28.4 இவர்களுக்கே. அன்று ராத்திரி பழைய நோட்டை எடுத்து எழுதி, தேதி போட்டு வைத்தேன்:

‘வீர் - இடது கை ஸ்பின், பேட்டிங்கும் உண்டு. ஜடேஜா போன மாதம்தான் ராஜஸ்தானுக்குப் போனார். ஆள் எடுத்த காரணம் புரிகிறது, விலை புரியவில்லை. சர்மா - சாம்சன் வந்த பிறகு இன்னொரு கீப்பர் எதற்கு? சிக்ஸருக்காக என்றால் சரி. யாரை விட்டார்கள் என்று 2029-ல் பார்க்கவும்.’