உம்மாவின் கவிகளும் எஸ்கேப் விசையும்

வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபடி உம்மா கவி சொன்னார். வயலும் வரம்பும் வரும் பழைய நாட்டார் கவிகள். நான் கைத்தொலைபேசியில், விம் என்ற உரைத்தொகுப்பானில் எழுதிக்கொண்டேன். பெயரைக் கேட்டதும், "பாத்திரம் கழுவுறதா மகன்?" என்று சிரித்தார்.

1976இல் பில் ஜோய் எழுதத் தொடங்கிய 'விஐ'யின் வழிவந்தது விம். 1991இல் பிராம் மூலெனார் வெளியிட்டது. சுட்டெலி தேவையில்லை, எல்லாம் விசைகளே. எழுதுவதற்கு ஒரு நிலை, கட்டளையிட இன்னொரு நிலை. எஸ்கேப் விசையை அழுத்தித்தான் எழுத்திலிருந்து கட்டளைக்கு மீள வேண்டும். பத்து விரல்களுக்கான ஏற்பாடு. எனக்கோ இரண்டு பெருவிரல்கள். பாதித் திரையை விசைப்பலகையே பிடித்துக்கொள்ளும். எழுதத் தமிழ்ப் பலகை, கட்டளைக்கு ஆங்கிலப் பலகை. இந்த மாற்றத்துக்குச் சோம்பி நான் எதையும் சேமிக்கவில்லை.

இடையில் ஓர் அழைப்பு வந்தது. திரும்பிப் பார்த்தால் செயலி மூடிக்கிடந்தது. திரும்பச் சொல்லக் கேட்கும் நிலையில் உம்மா இல்லை.

விம் 200 எழுத்துக்கு ஒருமுறை, அல்லது 4 செக்கன் கை ஓய்ந்தால், தானாகவே ஒரு தற்காலிகக் கோப்பில் பதிந்துகொள்ளும். மீட்டெடுத்தேன், எல்லாம் இருந்தன. ஒவ்வொரு கவிக்குப் பின்னும் உம்மா மூச்சுவாங்க நின்றார். என் கையும் நின்றது. அந்த இடைவெளிகளே கவிகளைக் காத்தன.

இன்று உம்மா இல்லை. கவிகள் இருக்கின்றன.