கரிசல் வந்தால் கைக்குத் தெரியும்

சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றி நாக்பூரில் இறக்குவேன். திரும்பும்போது ஆரஞ்சுப் பழம். ஒரு வழிக்கே 1,200 கிலோமீட்டருக்கு மேல். நான் ஓட்டத் தொடங்கியபோது அது ஏழாம் நம்பர் ரோடு. 2010-இல் எண்களை மாற்றியபின் 44. பழைய டிரைவர்கள் வாயில் இன்னும் ஏழுதான்.

"போர்டப் பாத்து ஓட்டாதடா, மண்ணப் பாத்து ஓட்டு" என்பார் எனக்குத் தொழில் பழக்கிய அண்ணன். தார் போட்ட ரோட்டில் மண் எங்கே தெரியும் என்று கிளீனராக இருந்தபோது நினைத்துக்கொள்வேன்.

பெங்களூரு நெரிசலை ராத்திரியோடு கடந்துவிட்டால், பெனுகொண்டாவிலிருந்து அனந்தபூர் வரை பாறைக் குன்றும் செம்மண்ணும்தான். அடிமண் இறுகிக் கிடப்பதால் வண்டி பலகைமேல் உருள்வதுபோல் போகும். அங்கே எதிரி தூக்கமும் வெயிலும்தான். ஓரங்கட்டி, லீவர் கம்பியால் டயரைத் தட்டுவேன். காற்றுள்ள டயரில் கம்பி துள்ளும். இறங்கியதில் 'தொப்' என்று விழும். ஜோடி டயரில் உள்டயரையும் தட்ட வேண்டும். வெளிடயர் தாங்கிப் பிடிப்பதால் அது இறங்கியது கண்ணுக்குத் தெரியாது.

கர்னூலில் துங்கபத்திரை, ஹைதராபாத், நிர்மலுக்கு முன்னால் கோதாவரி, ஆதிலாபாத்தின் தேக்கங்காடு. பென்கங்கா பாலம் ஏறி இறங்கினால் மகாராஷ்டிரம், பருத்திச் சீமை. கரிசல் மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். மேலே எத்தனை தார் போட்டாலும் சில இடங்களில் ரோடு அலை அலையாக எழும்பிவிடும். ஸ்டியரிங் லேசாக நெளியும், சீட்டு தாலாட்டும். உடனே காலைத் தளர்த்திவிட வேண்டும். அந்த அலைமேல் வேகம் வைத்தால் லோடு ஆட ஆரம்பிக்கும்.

ஒரு மழைக்காலத்தில், முந்திவந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு இடப்பக்கச் சக்கரத்தை மண் ஓரத்தில் இறக்கினேன். அச்சு வரை புதைந்தது. வேறொரு லாரி சங்கிலி கட்டி இழுக்கும்வரை அரைநாள் சேற்றில் நின்றேன். அதன் பிறகு கரிசல் ஓரத்துக்குச் சக்கரத்தைக் கொடுத்ததில்லை.

திரும்பும்போது வீட்டுக்குப் பக்கத்தில்தான் சோதனை. தர்மபுரி தாண்டித் தொப்பூர்க் கணவாயில் சேலம் நோக்கி இறக்கம். எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரமே வரும். இஞ்சின் பிடிக்க வேண்டிய பாரம் முழுக்க பிரேக் லைனர்மேல் ஏறும். சூடேறிய லைனர் பிடிக்காது. இஞ்சினையே அணைத்துவிட்டாலோ ஏர் பிரேக்குக்குப் புதுக் காற்று ஏறாது. மிதிக்க மிதிக்கத் தீரும். முன்னால் போகும் வண்டியிலிருந்து லைனர் கருகும் நாற்றம் வந்தால் இன்னும் இடைவெளி விட்டுவிடுவேன்.

கணவாய் இறங்கியதும் ஓரங்கட்டி, பிரேக் டிரம் பக்கம் உள்ளங்கையைக் காட்டுவேன். வெதுவெதுப்போடு நின்றால் சரியாக இறங்கியிருக்கிறேன். கிளீனர் பையன் அதற்குள் டீக்குச் சொல்லியிருப்பான்.