சைக்கிளுக்கு ஒரு மழைப் பை

மழைக் கோட்டு வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்குகிற நாம், பை வாங்கும்போது மட்டும் கலரைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். உடம்பு நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். பைக்குள் இருப்பது நனைந்தால்? ஸ்கூட்டரில் போகிறவர்களுக்குச் சீட்டுக்கு அடியில் பெட்டி இருக்கிறது. சைக்கிளில் வேலைக்குப் போகிற நமக்குக் கேரியர்தான் கதி. அதனால் இது சைக்கிள் சகோதரிகளுக்காக எழுதுவது.

நான் சைக்கிள் பழகியது 1992-இல். புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்த காலம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக் கொடுத்தார்கள். குவாரியில் கல் உடைக்கிற பெண்கள்கூட சாயங்காலத்தில் வந்து ஓட்டிப் பழகினார்கள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குத்தா சைக்கிளு?" என்று கேட்ட என் அப்பத்தாவே பிறகு என் பின்னால் உட்கார்ந்து சந்தைக்கு வந்தார். இப்போது ஏழு கிலோமீட்டர் தள்ளி, டவுனில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று 2021-இல் வந்தது நல்ல காரியம்தான். ஆனால் எங்கள் ஊர் பஸ் கடை திறந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் டவுனைத் தொடுகிறது. முதலாளி பஸ்ஸுக்காகக் காத்திருப்பாரா?

எங்கள் மகளிர் குழுவில் பதினான்கு பேர். டவுனுக்குப் போகிறவள் நான் ஒருத்திதான் என்பதால் பாங்கு வேலை என் தலையில். அந்த 2021 நவம்பரில் விடாமல் கொட்டிய மழை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 'வாட்டர் ப்ரூஃப்' என்று பெரிய எழுத்தில் போட்ட பைக்குள், ஜிப்பை இழுத்து மூடி, உள்கடன் நோட்டும் எல்லாருடைய பாஸ் புத்தகமும் வைத்திருந்தேன். பாங்கு வாசலில் பையைத் திறந்தால் அடியில் இரண்டு விரல்கடை தண்ணீர். ஜெல் பேனாவில் எழுதியிருந்த பக்கங்கள் நீலமாகக் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன.

குழு மொத்தமாக எவ்வளவு கட்டியது என்பதுதான் பாங்குக்குத் தெரியும். அதில் யார் எவ்வளவு என்பது அந்த நோட்டுக்குத்தான் தெரியும். "அப்ப நான் கட்டுனதெல்லாம் போச்சாக்கா?" என்று ஒரு பெண் கேட்டாளே, அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை. பதினான்கு பேரும் மூன்று நாள் சாயங்காலம் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து கணக்கை மறுபடி எழுதினோம். "தோடு அடகு வெச்ச மாசம் ஐநூறு", "மக சடங்குக்கு முந்தி முந்நூறு" என்று ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில் முந்நூறு ரூபாய் மட்டும் உதைத்தது. இரண்டு பேர் அதைத் தங்களுடையது என்றார்கள். பொது நிதியிலிருந்து இருவருக்கும் சரிக்கட்டினோம். ஆனாலும் அந்த இரண்டு பேரும் முன்போலப் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதில்லை.

அதற்குப் பிறகுதான் பை என்றால் என்ன என்று தேடித் தேடித் தெரிந்துகொண்டேன்.

முதல் விஷயம், தண்ணீர் துணி வழியாக வருவது குறைவு. தையல் வழியாகவும் வாய் வழியாகவும்தான் வருகிறது. ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதானே? துணி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் தையல் ஓட்டை சாதாரண ஓட்டைதான். ஆகவே கடையில் பையை உட்புறம் வெளியே வரும்படி புரட்டுங்கள். தையல் மேல் பட்டையாக ஒரு டேப் ஒட்டியிருந்தால் பரவாயில்லை. ஊசியே படாமல், சூட்டில் உருக்கி ஒட்டிய தார்ப்பாய்ப் பை என்றால் இன்னும் நல்லது. அது லாரி தார்ப்பாய் மாதிரி பி.வி.சி. பூசிய துணி. தொட்டால் முரடாக இருக்கும், ஆனால் உழைக்கும். மெல்லிய நைலான் பைகளில் உட்புறம் ஒரு பூச்சு இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தோடு மடித்து வைத்தால் சில வருஷத்தில் அது பிசுபிசுத்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். ரெக்சின் மடிப்பில் வெடிக்கும்.

அடுத்தது வாய். ஜிப் மேல் ஒரு மூடாக்கு இருந்தாலும் அடைமழைக்குப் போதாது. வாயை மூன்று நான்கு சுற்றுச் சுருட்டி இரண்டு ஓரத்தையும் கொக்கியில் மாட்டுகிற பைதான் எனக்குப் பிடித்தது. ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டால் பிரயோசனமில்லை. அதனால் பையைத் தேவைக்குக் கொஞ்சம் பெரிதாகவே வாங்க வேண்டும். நிறைத்துத் திணித்தால் எதைச் சுருட்டுவது?

சீட்டில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று போட்டிருந்தால் தூறலுக்கு மட்டும் என்று அர்த்தம் செய்துகொள்ளுங்கள். சிலவற்றில் ஐ.பி.எக்ஸ். என்று போட்டு ஓர் எண் இருக்கும். 4 என்றால் தெறிக்கிற தண்ணீர், 6 என்றால் வேகமாகப் பீய்ச்சுகிற தண்ணீர், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். நமக்கு 6 போதும். நாம் என்ன குளத்திலா முங்கப் போகிறோம்!

எண்ணை நம்பாதவர்களுக்கு என் வழி. பையில் காற்றைப் பிடித்துச் சுருட்டி மூடி, தலையணை மாதிரி அமுக்குங்கள். 'உஸ்' என்றால் வேண்டாம். கடைக்காரர் முகம் எப்படிப் போனாலும் கவலைப்படாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளே பழைய தினத்தாளைப் போட்டு மூடி, ஐந்து நிமிஷம் தண்ணீர் ஊற்றுங்கள். எங்கள் வீட்டில் ஊற்றியது அத்தை. "புதுப் பைக்கு இப்பவே தலைக்கு ஊத்துறியே" என்று சிரித்துக்கொண்டே நாலு வாளி ஊற்றினார். தாள் மொறுமொறுவென்று வெளியே வந்தது.

விலை 1,100 ரூபாய். "ஒரு பைக்கு ஆயிரத்து நூறா? ரெண்டு மூட்டை சிமெண்டு வாங்கலாமே!" என்றார் என் வீட்டுக்காரர். "சிமெண்டு மூட்டையும் நனைஞ்சா வீணுதாங்க" என்றேன். பதில் இல்லை.

பையை எங்கே வைப்பது என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. முதுகில் வேண்டாம். ஏழு கிலோமீட்டர் மிதித்தால் பைக்கு அடியில் வேர்வை ஊற்றும். மழை நனைக்காத ரவிக்கையை வேர்வை நனைத்துவிடும். கழுத்தும் தோள்பட்டையும் ராத்திரி கணக்குக் கேட்கும். நாற்பது தாண்டியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒற்றைத் தோளில் தொங்கும் ஜோல்னாப் பை வளைவில் முன்னால் சரிந்து முழங்காலில் இடிக்கும். ஹாண்டில் பாரில் மாட்டினால் ஈரத் தாரில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பாரத்தைச் சைக்கிள் சுமக்கட்டும், கேரியரில் வையுங்கள்.

பக்கவாட்டில் தொங்குகிற பையானால் வாங்குமுன் சைக்கிளையே கடை வாசலுக்குக் கொண்டுபோங்கள். நம் ஊர் லேடீஸ் சைக்கிள் கேரியர் கம்பிக்குக் கொக்கி சேர்கிறதா, மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறதா, இரண்டையும் பார்க்க வேண்டும். புடவைத் தலைப்பு சக்கரத்தில் போகாமலிருக்கப் போட்ட வலையோடும் அது உரசக் கூடாது. இன்னொன்று, மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. பின் மட்கார்டு ஆட்டம் கண்டிருந்தால் சக்கரம் சேற்றை வாரி அடியில் அடிக்கும். அதனால் பையின் அடித்தட்டு தடிமனாக இருப்பது நல்லது. கலர் மஞ்சளோ ஆரஞ்சோ. கார்த்திகை மாசம் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பின்னால் வருகிற லாரிக்கு நாம் தெரிய வேண்டாமா? உள்ளே கறுப்பாக இருந்தால் சாவி தேடவே பத்து நிமிஷம்.

தண்ணீரை உள்ளே விடாத பை, உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியேயும் விடாது. சூடான டிபன் கேரியரை வைத்து மூடினால் ஆவி படிந்து எல்லாம் ஈரமாகிவிடும். சாம்பார் சிந்தினால் கேட்கவே வேண்டாம். சாப்பாட்டுக்கு வேறு பை. ராத்திரி வந்ததும் வாயைத் திறந்து தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை வாடை பிடித்துக்கொள்ளும். நோட்டில் எழுதப் பால் பாயிண்ட் பேனாவே மேல். மாசம் ஒரு தடவை பக்கங்களைப் போனில் படம் எடுத்து இன்னும் இரண்டு பேருக்கு அனுப்பிவைக்கிறோம்.

அவ்வளவு பணம் போட முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. முன்பு ஒரு பிளாஸ்டிக் கேரிபேகில் சுற்றிப் பைக்குள் வைப்போம். 2019 ஜனவரியிலிருந்து அதற்குத் தடை. கெட்டியான பாலிதீன் உறையை மீட்டர் கணக்கில் விற்கிற கடையில் முக்கால் மீட்டர் வாங்கி, அடியைச் சூட்டில் ஒட்டச் சொல்லுங்கள். நோட்டை உள்ளே வைத்து வாயைச் சுருட்டி ரப்பர் பாண்டு போட்டு, இருக்கிற பைக்குள்ளேயே வைத்துவிடலாம். கேன்வாஸ் பையாக இருந்தால் தையல் ஓரம் முழுக்க மெழுகுவர்த்தியை அழுத்தித் தேயுங்கள். வெயில் காலத்தில் கொஞ்சம் ஒட்டும், மழைக்குக் கேட்கும். கேரியரில் கட்ட, சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட பழைய டியூபை நீளவாக்கில் கிழித்துக் கேளுங்கள். எங்கள் ஊர்க் கடைக்காரர் காசு வாங்குவதில்லை.