தடிமன்தானே!

ஐப்பசி பிறந்துவிட்டால் நமுனுகுல மலை முகிலுக்குள் மறைந்துவிடும். பதுளையிலும் பசறையிலும் மழை விடாது பெய்யும். கூடவே தோட்டத்து லயங்களில் குழந்தைகளின் தும்மலும் தொடங்கிவிடும். “தடிமன்தானே!” என்று சொல்லிப் பெரியோர் தத்தம் அலுவலைப் பார்ப்பர். அச்சொல் பெரும்பாலும் மெய்யே. ஆயினும் எப்போதும் மெய்யன்று என்பதை நாம் எமது வீட்டிலேயே கற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளி விடுமுறைக்காகப் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் எம் தாயாரிடம் சென்றிருந்தோம். எமது இளைய மகனுக்கு அப்போது வயது ஒன்றரை. மறுநாளே அவனுக்கு மூக்கொழுகிற்று, உடல் இலேசாகக் காய்ந்தது, இருமினான், உணவை வெறுத்தான். மூன்றாம் நாள் சளி மஞ்சளாயிற்று. கல்லூரியிற் கற்பிப்பவர் அல்லவா நாம்! மூத்தவனுக்கு முன்பு கொடுத்து எஞ்சியிருந்த கிருமிகொல்லிப் பாணியை எடுத்தோம்.

அம்மா தடுத்தார். “ஐயா, பெரியவன் மருந்தைச் சின்னவனுக்குக் குடுக்கலாமா? மூக்கைப் பாக்காதே, நெஞ்சைப் பாரு” என்றார். அவர் பல்லாண்டு பிள்ளைக் காம்பிராவில் ஆயாவாக இருந்தவர்.

அவர் கூற்றே சரி. தடிமனை உண்டாக்குபவை வைரசுகள். அவற்றில் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உள. கிருமிகொல்லி மருந்து வைரசைக் கொல்லாது. சளி மஞ்சளாவதும் பச்சையாவதும் உடல் நோயை எதிர்த்துப் போராடுவதன் அடையாளமே. ஒவ்வொரு வகையையும் முதன்முதலாகச் சந்திக்கும் இளங்குழந்தைக்கு ஆண்டில் 6 முதல் 8 முறை தடிமன் பிடிப்பது இயல்பு. பலர் நெருங்கி வாழும் லயத்து அறையில் அது எளிதிற் பரவும்; விறகுப் புகையோ இருமலை மிகுவிக்கும். பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானே தணியும். இருமல் மட்டும் மேலும் சில நாள் நீடிக்கலாம்.

அதுவரை செய்யத்தக்கவை சிலவே. தாய்ப்பாலும் இளஞ்சூடான நீராகாரமும் அடிக்கடி கொடுக்கலாம். மருந்துக்கடையில் விற்கும் உப்புநீர்த் துளிகளை மூக்கில் விட்டுச் சளியைத் துடைக்கலாம். காய்ச்சலால் குழந்தை வருந்தினால், நிறைக்கேற்ற அளவில் பரசிட்டமோல் போதும், அஸ்பிரின் ஆகாது. ஒரு வயது கடந்த குழந்தைக்கு இரவில் அரைத் தேக்கரண்டி தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. கடையில் வாங்கும் இருமற் பாணியும் வேண்டாம். அம்மா தேங்காயெண்ணெயிற் கற்பூரத்தைக் காய்ச்சிக் குழந்தைக்குத் தடவ முற்பட்டபோது, இம்முறை நாம் தடுத்தோம். கற்பூரம் இளங்குழந்தைக்கு நஞ்சு, வலிப்பையும் வரவழைக்கும்.

நான்காம் நாள் இரவு அம்மா எம்மை எழுப்பினார். குழந்தையின் சட்டையை உயர்த்திக் காட்டினார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழ்ப்புறம் உள்ளே குழிந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினோம்: நிமிடத்துக்கு 56 மூச்சு! அயலவரின் முச்சக்கர வண்டியில் பதுளை ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். நியூமோனியா என்றார் வைத்தியர். அப்போது கிருமிகொல்லி மருந்து தேவையாயிற்று. உரிய மருந்தை உரிய அளவில் அவரே கொடுத்தார். ஆறாம் நாள் மகன் சிரித்தபடி வீடு திரும்பினான்.

தாய்மாரே, குழந்தை அழாது அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேலும் இருந்தால் தாமதியாது வைத்தியரிடம் செல்லுங்கள். நெஞ்சு குழிந்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், சோர்ந்து கிடந்தாலும் விடியும்வரை காத்திராதீர்கள். 1990 என்ற எண்ணை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். ஒரு நாள் பேர் போய்விடுமே என்று தயங்கவும் வேண்டாம். பேரை மறுநாள் போட்டுக்கொள்ளலாம்.