வாலுப் பெண்ணுக்கு ஒரு வால்



எங்கள் வீட்டில் என்னை ‘வாலு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆண்டு விழாவில் நிஜமாகவே ஒரு வாலை மாட்டிக்கொண்டு நான் மேடைக்கு வந்தபோது, முன்வரிசையில் இருந்த என் சித்தி, “பேருக்கேத்த மாதிரியே வந்துடுச்சு பாரு” என்று சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. அன்று முதல் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒரே கேள்விதான். “அத எங்க வாங்கின?” வாங்கவில்லை நண்பர்களே, செய்தேன். நான்கு மாதம் ஆனது. எங்கெங்கே திண்டாடினேன் என்று எழுதித் தரச் சொல்லி சுவரிதழ்க் குழுவினர் கேட்டார்கள். இதோ எழுதுகிறேன்.

நாடகம் ஆவுளியாவைப் பற்றியது என்பது உங்களுக்குத் தெரியும். புத்தகத்தில் கடற்பசு என்று இருக்கும். 2022 செப்டம்பரில் நம் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. அந்தக் காலத்து மாலுமிகள் தூரத்தில் இந்த விலங்கைப் பார்த்துத்தான் கடற்கன்னி என்று நினைத்திருப்பார்கள் என்று சொல்வார்கள். அதனால் நாடகத்தில் கடற்கன்னியாக வருகிறவள் கடைசியில் “நான்தான் ஆவுளியா” என்று சொல்ல வேண்டும். அந்த வேடம் எனக்கு.

“பச்சைத் துணியில் ஜிகினா ஒட்டினால் போதும்” என்றார் தமிழய்யா. எனக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீரில் நீந்தக்கூடிய ரப்பர் வாலாகச் செய்ய வேண்டும் என்று ஆசை. அதற்குக் காரணம் அன்னெட் கெல்லர்மன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவர். சின்ன வயதில் கால் பலவீனமாகி இரும்புக் கவசம் போட்டிருந்தவர், கால் தேறுவதற்காக நீச்சல் பழகி, பெரிய நீச்சல் வீராங்கனை ஆனார். 1911-லேயே சினிமாவில் கடற்கன்னியாக வால் கட்டி நீந்தினார். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வீக்கி வாச்சி என்ற ஊற்றில் 1947 முதல் பெண்கள் கடற்கன்னி வேடத்தில் தண்ணீருக்கடியில் காட்சி நடத்துகிறார்கள். குழாய் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டே நடிக்கிறார்கள்! இப்போது இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் போடுவது சிலிக்கோன் ரப்பர் வால். அதையே நாமும் செய்தால் என்ன என்று கிளம்பினேன்.

சவால் 1: அம்மா

மற்ற சவால்கள் எல்லாம் இதற்கு அப்புறம்தான். என் தாய்மாமாவை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே கடலுக்குப் போனவர், வலைக்கயிறு காலில் சுற்றித் தண்ணீரில் இழுக்கப்பட்டுத் தவறிவிட்டார். அவர் நன்றாக நீந்தத் தெரிந்தவர். அதற்குப் பிறகு அம்மா கடலில் கால் நனைத்ததே இல்லை. அப்படிப்பட்டவரிடம் போய், “ரெண்டு காலையும் சேர்த்துக் கட்டுற மாதிரி ஒண்ணு செய்யப் போறேம்மா” என்றால் எப்படி இருக்கும்?

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னார். “செஞ்சுக்க. ஆனா நான் பத்து எண்றதுக்குள்ள அது உன் கால விட்டுக் கழலணும். இல்லன்னா அது மேடையோட சரி, தண்ணிக்கு வரக் கூடாது.” சரி என்று தலையாட்டினேன். பத்து எண்ணுவது எவ்வளவு சின்ன நேரம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சவால் 2: எந்த சிலிக்கோன்?

ஹார்டுவேர் கடை அண்ணாச்சி, “சிலிக்கான்தானே பாப்பா, மீன் தொட்டி ஒட்டுற டியூப் இருக்கு” என்று எடுத்துக் காட்டினார். அதைத் திறந்தாலே வினிகர் நெடி அடிக்கும். காற்றில் உள்ள ஈரத்தை வாங்கி வெளியிலிருந்து உள்ளே போகப் போகத்தான் இறுகும். தடிமனாகப் பூசினால் உள்ளே பல நாள் கொழகொழவென்றே இருக்கும். சிலை வார்க்கிறவர்கள் அச்சுக்கு வாங்கும் சிலிக்கோன் வேறு. அதில் தகர வேதிப்பொருள் சேர்த்து இறுக வைப்பார்கள். நாளாக நாளாகச் சுருங்கும். தோலில் படுகிற பொருளுக்கு அது ஏற்றதில்லை. நமக்கு வேண்டியது பிளாட்டினத்தால் இறுகும் சிலிக்கோன். ஏ, பி என்று இரண்டு டப்பா வரும். சரிக்குச் சரி கலந்தால் மெத்தென்ற ரப்பராகும்.

விலைதான் கையைக் கடித்தது. வெளிநாட்டு வால்கள் 15 கிலோவுக்கு மேல்கூட இருக்கும். எனக்கு 6 கிலோவுக்குத்தான் வழி. உண்டியல், சித்தப்பா தந்தது, கட்டுரைப் போட்டிப் பரிசு என்று எல்லாம் அதில் போனது. “அந்தக் காசுக்கு ஒரு கால் கொலுசு வந்திருக்கும்” என்று ஆத்தா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்தச் சிலிக்கோன் ஒரு தொட்டாற்சிணுங்கி. கந்தகம் பட்டால் இறுகவே இறுகாது. அதனால் கந்தகம் கலந்த களிமண் கூடாது. மருத்துவர்கள் போடும் ரப்பர் கையுறை கூடக் கூடாது. நைட்ரைல் கையுறைதான் போட வேண்டும். புதிதாகச் செய்த ஃபைபரும் ஆகாது. அப்பா ஃபைபர் போட்டு கட்டுகிற பட்டறையில் வேலை பார்க்கிறார். “அச்ச நான் ஃபைபர்ல போட்டுத் தாரேன்” என்றார். முதலில் ஒரு ஸ்பூன் அளவு கலந்து ஃபைபர்த் துண்டில் ஊற்றிப் பார்த்தோம். மறுநாளும் அந்தப் பக்கம் மட்டும் பிசுபிசுப்பு போகவில்லை. அப்பாவே சிரித்துக்கொண்டு, “உன் ரப்பருக்கு என் தொழில் புடிக்கல போலிருக்கு” என்றார்.

சவால் 3: செதிலும் வெயிலும்

கடைசியில் பாரிஸ் சாந்தில்தான் அச்சு எடுத்தேன். குயவர் வீட்டுக் களிமண்ணைப் பலகையில் பரப்பி, ஒவ்வொரு செதிலாக ஸ்பூன் முனையால் அழுத்தினேன். மொத்தம் 412 செதில். அதன்மேல் சாந்தை ஊற்றி, காய்ந்ததும் எடுத்தால் அச்சு தயார். அதில் சிலிக்கோனை ஊற்றித் தோல் மாதிரி விரிப்பாக எடுத்து, காலைச் சுற்றி வளைத்து ஓரத்தை ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கும் அதே சிலிக்கோன்தான். வேறு எந்தப் பசையும் அதில் ஒட்டாது. பெயின்ட்டும் நிற்காது, உரிந்து வரும். நிறத்தை முதலிலேயே கலந்துவிட வேண்டும்.

கலந்த பிறகு அரை மணி நேரம் வேலை செய்யலாம் என்று டப்பாவில் போட்டிருந்தது. அது குளிர்ந்த அறைக்கான கணக்கு. நம் ஊர் சித்திரை வெயிலில் கால் மணி நேரத்திலேயே கெட்டித் தயிராகிவிடும். அதனால் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, வெயில் வருவதற்குள் ஊற்றி முடிப்பேன். காற்றுக் குமிழி இன்னொரு தொல்லை. அதை உறிஞ்சும் இயந்திரம் நம்மிடம் ஏது? முதலில் தூரிகையால் மெல்லிசாக ஒரு பூச்சு. அப்புறம் உயரத்திலிருந்து நூல் மாதிரி ஊற்ற வேண்டும். பாட்டி இதைப் பார்த்துவிட்டு, “பாகு பதம் பாக்குற மாதிரி பாக்குறியே” என்றார். ஏறக்குறைய அப்படித்தான்.

சவால் 4: வால் எந்தப் பக்கம் ஆடும்?

முதலில் நான் வரைந்த படத்தில் துடுப்பு மீன் வால் மாதிரி செங்குத்தாக இருந்தது. எல்லாரும் அப்படித்தான் வரைவோம். உயிரியல் டீச்சர் கேட்டார்: “உன் முழங்கால் எந்தப் பக்கம் மடங்கும்?” அவ்வளவுதான், விளங்கிவிட்டது. மீன் வாலை இடமும் வலமும் ஆட்டும். திமிங்கலம், ஓங்கில், ஆவுளியா எல்லாம் பாலூட்டிகள், மேலும் கீழும் ஆட்டும். நம் காலும் அப்படித்தான் மடங்கும். ஆக, கடற்கன்னிக்குச் சரியான வால் மீன் வால் இல்லை, ஆவுளியாவின் வால்! நாடகத்தின் கடைசி வசனத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

துடுப்புக்குள் விறைப்பாக ஒரு தகடு வேண்டும். இதை அப்பா மெல்லிய ஃபைபரில் செய்து, பிசிர் குத்தாமல் ஓரத்தைத் தேய்த்து, துணி சுற்றித் தந்தார். கால் நுழைக்க இரண்டு பழைய ரப்பர் செருப்பைப் பொருத்தினோம். குதிகால் பக்கம் வார் இல்லை. அது வேண்டுமென்றே விட்டது.

எல்லாம் சேர்த்துத் தராசில் போட்டால் ஏழரை கிலோ. “ஏழரைன்னு வாயால சொல்லாத” என்றார் பாட்டி. தரையில் அதைப் போட்டுக்கொண்டு ஓர் அடி நகர முடியாது. மேடைக்கு என்னைத் தட்டுவண்டியில் வைத்துத் தள்ளி வந்தது அதனால்தான். ஆனால் ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தைப் போட்டுப் பாருங்கள். சிலிக்கோனின் அடர்த்தி 1.07. ஆறு கிலோ சிலிக்கோன் சுமார் 5.6 லிட்டர் தண்ணீரை விலக்கும். தண்ணீருக்குள் அதன் எடை 400 கிராம்தான்! ஃபைபர் தகட்டையும் சேர்த்தால் கூட ஒரு கிலோ வராது. மேடையில் சுமை, தண்ணீரில் காற்று. தண்ணீரில் இறங்காமல் இதை விட மனசு வருமா?

சவால் 5: கழற்றுவது

இதுதான் கடைசிச் சவால், பெரிய சவால். வாலைப் போடுவது சுலபம். சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு கால் உள்ளே போய்விடும். கழற்றும்போதுதான் அதன் குணம் தெரிந்தது. காய்ந்த காலில், தரையில், 11 விநாடி. நனைந்த பிறகு உள்ளே காற்றுப் புகாமல் அட்டை மாதிரி உறிஞ்சிக்கொண்டது. 19 விநாடி. அம்மா எதுவும் சொல்லவில்லை. பத்து வரை எண்ணிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். நான் வாலோடு தாழ்வாரத்தில் கிடந்தேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆவுளியா நாடகத்துக்காக நான் மனப்பாடம் செய்திருந்த வசனம் ஞாபகம் வந்தது. அதுவும் நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும் விலங்கு. சில நிமிடத்துக்கு ஒரு முறை மேலே வந்தே ஆக வேண்டும். வலையில் மாட்டிக்கொண்டால், கடலிலேயே பிறந்த அந்த விலங்கு கடலிலேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். நீந்தத் தெரிந்த மாமாவுக்கு நடந்ததும் அதுதான். நீந்தத் தெரிவது வேறு, விடுபடத் தெரிவது வேறு. இந்த வயதில் எனக்கு இது புரிந்தது ஒரு ரப்பர் வாலால்தான்.

மறுநாள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை வாலின் ஒரு பக்கத்தைக் கத்தியால் கீறினேன். 412 செதிலில் 30-க்கு மேல் போனது. “ஐயோ, அழகே போச்சே!” என்றாள் தங்கை. கீறிய இரண்டு ஓரத்திலும் நைலான் துணிப் பட்டையை வைத்து, துணி இழைக்குள் ஊறும்படி சிலிக்கோன் பூசினேன். துணியை நேராக ஒட்டினால் நிற்காது, உள்ளே புதைத்தால்தான் பிடிக்கும். அந்தப் பட்டையில் முன்னாடியே வெல்க்ரோ தைத்திருந்தது. நுனியில் சிவப்பு நாடா ஒன்று. அதை இழுத்தால் பக்கம் முழுக்கத் திறந்து காற்றும் தண்ணீரும் உள்ளே போகும், உறிஞ்சல் விட்டுவிடும். குதிகால் வார் இல்லாததால் காலும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்க்குளத்தில் இறங்கினோம். நெஞ்சளவுத் தண்ணீர். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் சித்தப்பா, கையில் காற்றடித்த லாரி டியூப். அம்மா படிக்கட்டில். “நீந்துறது அப்புறம். மொதல்ல கழட்டிக் காட்டு” என்றார். நாடாவை இழுத்தேன். அம்மா சத்தமாக எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... ஐந்துக்கு முன்னால் கால் வெளியே வந்துவிட்டது. “இன்னொரு தடவ.” அப்புறம், “கண்ண மூடிக்கிட்டு.” அப்புறம், “இடது கையால.” இப்படி இருபது தடவை! ஒரு தடவை கூட ஏழைத் தாண்டவில்லை.

அதற்குப் பிறகுதான் நீந்தினேன். பத்துப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். ஆனால் ஒரே உதையில் உடம்பு அம்பு மாதிரி போனதை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது அம்மா படியில் இல்லை. முழங்கால் வரை தண்ணீரில் நின்றிருந்தார். புடவை நனைந்தது அவருக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை. கடலில் மட்டும் இறங்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். அதை நான் மீற மாட்டேன். அவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு இருபது தடவை எண்ணியவருக்கு நான் கொடுக்கக்கூடியது அதுதான்.

நண்பர்களே, உங்களில் யாராவது செய்ய நினைத்தால் மூன்று விஷயம் சொல்கிறேன். நீச்சல் நன்றாகத் தெரியாமல் வாலைத் தொடாதீர்கள். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். செதிலை அப்புறம் அழகு பார்த்துக்கொள்ளலாம், கழற்றும் வழியை முதலில் செய்யுங்கள். நம் கரையில் வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்து மறுபடி கடலில் விட்ட மீனவர்கள் இருக்கிறார்கள். வலை அவர்களின் சோறு. அதையே அறுத்திருக்கிறார்கள். நான் அறுத்தது 30 செதில், அது ஒன்றும் பெரிதில்லை.

வால் இப்போது ஓவிய அறை அலமாரியில் இருக்கிறது. தொட்டுப் பார்க்கலாம், சிவப்பு நாடாவை இழுத்தும் பார்க்கலாம். அடுத்த வருடம் நாடகம் போடுகிற தம்பி தங்கைகள் அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். தட்டுவண்டி மட்டும் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்!



– 11-ஆம் வகுப்பு மாணவி