வெட்டிய சொல்

சிறுவயதில் ரோச் லைற்றை உள்ளங்கையால் பொத்திப் பார்க்காதவர்கள் குறைவு. கை செக்கச்செவேலென்று தெரியும். நீலத்தையும் பச்சையையும் இரத்தம் உறிஞ்சிக்கொள்ள, சிவப்பு மட்டும் தப்பி வருகிறது என்பது பின்னாளில் படித்தறிந்தது.

2014ஆம் ஆண்டு ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஹொங்ஜி டாய் தலைமையிலான குழுவினர், சிவப்பையும் தாண்டி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை நாடினார்கள். எலியின் இரத்தத்தில் காபன் நனோக்குழாய்களைச் செலுத்தி, தலையில் லேசர் ஒளியைப் பாய்ச்சினார்கள். அக்குழாய்கள் உமிழ்ந்த ஒளியில் 1.3 முதல் 1.4 மைக்ரோமீற்றர் வரையான அலைநீளத்தை மட்டும் பிரித்தெடுத்தார்கள். அந்த அலைநீளத்தில் ஒளி திசுக்களில் பட்டுச் சிதறுவது குறைவு. மண்டையோட்டைத் திறக்காமலே, 2 மில்லிமீற்றருக்கும் அதிகமான ஆழத்திலிருந்த நுண்ணிய இரத்தக் குழாய்கள் தெரிந்தன. முடியை மட்டும் மழித்திருந்தார்கள்.

அச்செய்தி என் மேசைக்கு வந்தது. "மண்டையைத் திறக்காமலே மூளையைப் பார்க்கலாம்" என்று தலைப்பிட்டேன். தலைப்பில் முதலில் 'எலியின்' என்ற சொல்லும் இருந்தது. இடம் போதாமல் வெட்டினேன். (இடம் போதவில்லை என்பது எங்கள் தொழிலில் எப்போதும் கைவசமுள்ள சாட்டு.) எலி மூன்றாவது பந்தியில்தான் வந்தது.

மறுவாரம் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்தார். மனைவிக்கு மூளையில் கட்டியாம்.

"ஐயா, இது எந்த ஆஸ்பத்திரியில செய்யினம்?"

பரிசோதனை எலியில்தான் நடந்தது, மனித மண்டையோட்டின் தடிப்பே பல மில்லிமீற்றர் வரும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அதை மேலயே போட்டிருக்கலாமே, ஐயா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. துண்டை மடித்துத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

2023 ஒக்ரோபரில், குவாண்டம் புள்ளிகளுக்காக மௌங்கி பவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்சி எகிமொவ் மூவருக்கும் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. அறிவிப்புக்குச் சில மணி நேரம் முன்னரே பெயர்கள் சுவீடன் பத்திரிகைகளுக்குக் கசிந்துவிட்டன என்பது எங்கள் இனத்தவருக்குச் சிறு மகிழ்ச்சி. சில நனோமீற்றர் பருமனேயான பளிங்குகள் அவை. பருமன் மாறினால் ஒளிரும் நிறமும் மாறும். எலி மூளையின் இரத்தக் குழாய்களைப் படம் பிடிக்க இவையும் பயன்பட்டிருக்கின்றன. ஆனால் பலவற்றில் கட்மியம் இருக்கிறது. அது நஞ்சு.

அதைப் பற்றி எழுதியபோது, 'ஆய்வுகூட எலிகளில்' என்று முதல் வரியிலேயே போட்டேன். செய்தியின் சுவை கெடுகிறதே என்றார் இளம் உதவி ஆசிரியர். நான் மாற்றவில்லை.