எடுக்காத துண்டு

இடது காதுக்குப் பின்னால், மண்டையோட்டுக்குள், உளுந்தளவில் ஓர் இரும்புத் துண்டு இருக்கிறது. 2009 மார்ச் கடைசியில், போரின்போது மாத்தளனில் அது உள்ளே போனது. கஞ்சிக்கு வரிசையில் நின்றது வரை நினைவிருக்கிறது. ஷெல் விழுந்த சத்தம் நினைவில்லை. பள்ளிக்கூடத்தில் இயங்கிய ஆஸ்பத்திரியில் என்னை நிலத்தில் கிடத்தியது, சேலைத் துணியால் தலையைக் கட்டியது, செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றியது எல்லாம் அக்கா சொல்லித்தான் தெரியும். அம்மாவுக்குக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. புல்மோட்டையில், இந்திய வைத்தியர்களின் முகாமில் கண் விழித்தேன்.

துண்டு ஆழத்தில் இருக்கிறது, எடுக்கப் போனால் நல்ல இடமும் கெட்டுவிடும் என்றார்கள். காயம் ஆறியது. மயிர் வளர்ந்து தழும்பை மூடியது. தலையிடி நிற்கவில்லை.

இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் அது முழு மூச்சாகப் பிடித்தது. தறப்பாளுக்குள் வெக்கை, ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடும் சத்தம், பவுசர் வந்தால் வாளிகள் முட்டும் சத்தம். நோ பின்கழுத்தில் தொடங்கும். காதைச் சுற்றி ஏறி, இடது கண்ணுக்குப் பின்னால் வந்து குத்திக்கொண்டு நிற்கும். வெளிச்சம் தாங்காது, குமட்டும், சொல்ல நினைத்த சொல் வாயில் வராது. அக்கா ஈரத்துணியால் என் கண்களை மூடி, தலையை மடியில் வைத்துக்கொண்டிருப்பா.

காலிழந்தவர்களுக்கு ஊர் எழுந்து இடம் விடும். அவர்களுக்கு அது போதாது என்பதும் எனக்குத் தெரியும். என்னிடமோ காட்டுவதற்கு ஒன்றுமில்லை. தையல் நிலையமொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். மெஷின் இரைச்சலில் அரை நாள்கூட இருக்க முடியவில்லை. "வடிவாத்தானே இருக்கிறாய், பிள்ளை," என்றா அங்கிருந்த அம்மா, அன்பாகத்தான். கலியாணம் பேசி வந்தவர்கள் தலையில் துண்டு என்றதும் திரும்பி வரவில்லை.

எம்.ஆர்.ஐ. எடுக்க வழியில்லை, அதன் காந்தம் உள்ளேயிருக்கும் இரும்பை அசைத்துவிடலாம். சி.ரி. ஸ்கானைத்தான் வைத்தியர்கள் மாறி மாறிப் பார்த்தார்கள். பல வருடம் கழித்து, கிளினிக்கில் ஓர் இளம் வைத்தியர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

"தங்கச்சி, மூளைக்கு நோ தெரியாது. அதைச் சுத்தியிருக்கிற சவ்வுக்கும் இரத்தக் குழாய்க்கும் கழுத்துச் சதைக்கும்தான் தெரியும். அடிபட்ட பிறகு அந்த நரம்புகள் அடங்காமல் நிக்குது. துண்டை எடுத்தாலும் தலையிடி போகுமெண்டு சொல்லேலாது."

கடைசி வசனத்தைக் கேட்டு அங்கேயே அழுதுவிட்டேன். என்றைக்காவது ஒருநாள் துண்டை எடுத்துவிட்டால் எல்லாம் முடியும் என்று நம்பித்தான் அத்தனை காலமும் பொறுத்திருந்தேன்.

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பனடோல் போட்டு வந்தால் அந்தக் குளிசையே தலையிடியை நிற்க விடாது என்றும் அவர் சொன்னார். முகாமில் எந்த நோவுக்கும் அதுதானே கிடைத்தது! அதை விட்ட முதல் கிழமைகள் பொல்லாதவை. இப்போது இரவில் அமிட்ரிப்டிலின், குறைந்த அளவில். நித்திரை வருகிறது. தலையிடி முற்றாகப் போகவில்லை, ஆனால் இடையில் தெளிந்த நாட்கள் கிடைக்கின்றன. அந்த நாட்களில் வீட்டிலிருந்து தைக்கிறேன்.

மே 18 நினைவேந்தலுக்கு முள்ளிவாய்க்காலுக்குப் போகிறேன். அம்மா எந்த இடத்தில் கிடக்கிறா என்று எங்களுக்குத் தெரியாது. வெயில், சுடர்ப் புகை, சனக்கூட்டம் மூன்றும் எனக்கு ஆகாதவை. போய் வந்தால் இரண்டு மூன்று நாள் எழும்ப முடியாது. "நீ வீட்டிலை விளக்கேத்து," என்று அக்கா ஒவ்வொரு வருசமும் மறிப்பா. அந்தக் கிழமைத் தையல் வேலைகளை முன்கூட்டியே முடித்துக் கொடுத்துவிட்டு, குடையும் குளிசையும் எடுத்துக்கொண்டு நான் முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன்.